ஏற்றம் ஏற லேசான கியர்: ரோடு பைக்கில் உங்கள் காலுக்கு ஏற்ற கியரைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஏற்றத்தில் திணறி, பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "எனக்கு வயசாகிவிட்டது, தெம்பு போதவில்லை." அந்த முடிவுக்கு வருமுன் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்கு வரும் ரோடு பைக்குகளில் பலவும் இருபத்தைந்து வயதுப் பந்தய வீரரை மனதில் வைத்துக் கியர் போட்டவை. அறுபது வயதில் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர், நோயிலிருந்து மீண்டவர், உடல் எடை கூடியவர், இயல்பாகவே மெலிந்த உடம்புக்காரர் என எல்லாருக்கும் அதே கியர் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. நல்ல வேளையாக, சைக்கிளில் எளிதாக மாற்றக்கூடிய விஷயங்களில் கியரும் ஒன்று. எதை மாற்ற வேண்டும், எவ்வளவு மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் இரண்டு பெயர்கள். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம் செயின்ரிங். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் பல்சக்கரங்களின் தொகுப்பு கேசட். செயின்ரிங்கின் பற்களைப் பின்பக்கப் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். முன்னால் 34, பின்னால் 28 என்றால் 1.21. அதாவது பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் 1.21 முறை சுற்றும். ரோடு பைக்கின் 700சி சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். எனவே 34/28 கியரில் ஒரு பெடல் சுற்றுக்கு சைக்கிள் 2.55 மீட்டர் நகரும். இந்த எண் சிறியதாக ஆக ஆக மிதிப்பது லேசாகும், வேகம் குறையும். அடிப்படை இவ்வளவுதான்.

ஒரே மலை, இரண்டு ஆட்கள்

இந்த ஒரு கணக்கை நிதானமாகப் பாருங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

சாலை 8 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரம். நல்ல பயிற்சியில் இருக்கும் 70 கிலோ பந்தய வீரர், 8 கிலோ சைக்கிளில், 400 வாட் சக்தியோடு மிதிக்கிறார். அவர் மணிக்கு 19 கி.மீ.க்குச் சற்று மேல் ஏறுவார். பந்தய பைக்குகளில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்த 39/25 கியரில் அவருடைய கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 99 முறை சுற்றும். கால் பறக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, பார்ப்பதற்கே அழகு.

இப்போது 72 கிலோ எடையுள்ள ஒருவர். சைக்கிள், தண்ணீர், உடை, கருவிப் பை எல்லாம் சேர்த்து இன்னொரு 13 கிலோ. நீண்ட ஏற்றத்தில் அவரால் தொடர்ந்து 130 வாட் தர முடிகிறது. அவருடைய வேகம் மணிக்கு 6.3 கி.மீ. அளவில்தான் இருக்கும். பந்தய வீரரின் கியரைவிட நிறையவே லேசான 34/28 கியர் அவரிடம் இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் கால் நிமிடத்துக்கு 41 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுவதும் ஆடும், ஹேண்டிலை இழுத்துப் பிடிக்க வேண்டும், முட்டி முனகும். அவருடைய கேசட்டைப் பார்த்து "இவ்வளவு லேசான கியர் இருந்துமா ஏற முடியவில்லை?" என்று யாராவது கேட்டால், கேட்டவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அதே 130 வாட்டில் அவர் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்க வேண்டுமானால், விகிதம் 0.72 வேண்டும். அதாவது முன்னால் 26, பின்னால் 36.

பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்கின் நீளம் 170 மி.மீ. என்றால், 41 சுற்றில் பெடலில் சராசரியாக 18 கிலோ அளவுக்கு அழுத்தம் தேவை. 70 சுற்றில் அது பத்தரை கிலோவாகக் குறைகிறது. சராசரியே இவ்வளவு என்றால், பெடல் கீழே இறங்கும் நேரத்து உச்ச அழுத்தம் இதைவிட மிக அதிகம். தொடையும் முட்டியும் தாங்குவது அந்த உச்சத்தைத்தான்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். லேசான கியர் போட்டதால் மலை சின்னதாகிவிடாது. அதே வேகத்தில் ஏற அதே சக்தி வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் அழுத்தம்தான் குறைகிறது. அதோடு, உங்களால் தாங்க முடிந்த மெதுவான வேகத்தில் ஏறும் சுதந்திரமும் கிடைக்கிறது. கனமான கியரில் மெதுவாகப் போக வழியே இல்லை. வேகத்தைக் குறைத்தால் பெடல் நின்றுவிடும், விழுந்துவிடுவோம். அதனால்தான் பலவீனமானவர் தன் சக்திக்கு மேல் மிதித்து, பாதி மலையில் மூச்சு வாங்கி இறங்குகிறார்.

வயதைப் பொறுத்தவரை, உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனின் உச்ச அளவு ஆண்டுகள் போகப் போகக் குறைகிறது. அதிகபட்ச இதயத் துடிப்பும் குறைகிறது. திடீர் விசைக்கு உதவும் வேகத் தசைநார்கள்தான் தசையில் முதலில் மெலிகின்றன. பயிற்சி இந்தச் சரிவை நன்றாகவே மெதுவாக்கும், நிறுத்தாது. சீராக, நீண்ட நேரம் உழைக்கும் திறன் மட்டும் வயதானாலும் வியக்கத்தக்க அளவு மிஞ்சியிருக்கும். அந்தத் திறனைப் பயன்படுத்திக்கொள்ள உதவுவதுதான் லேசான கியர்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

செயின்ரிங்கின் பக்கவாட்டில் பற்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள்: 50, 34 என்பதுபோல. கேசட்டிலும் பெரிய பல்சக்கரத்தின் மேலோ சின்னதின் முகப்பிலோ இருக்கும். இல்லையென்றால் ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிவிட்டு எண்ணிவிடுங்கள். பின்னால் எத்தனை பல்சக்கரம் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 8, 9, 10, 11, 12 என்ற இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எந்த உதிரிபாகம் பொருந்தும் என்று முடிவாகும்.

முன்பக்கத்தில் நீங்கள் பார்க்கக்கூடியவை இவை. பழைய பந்தய அமைப்பு 53/39. இடைப்பட்டது 52/36. காம்பாக்ட் எனப்படுவது 50/34. இன்னும் சிறியவை 48/32, 46/30. பழைய சுற்றுலா பைக்குகளில் 50/39/30 போன்ற மூன்று செயின்ரிங் அமைப்பும் உண்டு. 53/39 வைத்திருக்கும் புதியவர் கேசட்டைப் பற்றி யோசிக்கும் முன்னால் முன்பக்கத்தை மாற்றுவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

படி 2: மலையில் போய் அளந்து வாருங்கள்

அட்டவணையைப் பார்த்தோ நண்பரின் சைக்கிளைப் பார்த்தோ கியர் வாங்காதீர்கள். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் உள்ள செங்குத்தான ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு மூச்சாக முட்டி ஏறாமல், பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் ஏறுங்கள். செங்குத்தான இடத்தில் வேகம் என்ன என்று மீட்டரிலோ கைப்பேசிச் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் முப்பது விநாடிக்கு உங்கள் வலது முட்டி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் மிதிவேகம்.

இருக்கும் கியர் மிகவும் கனமாக இருந்தால், பேசிக்கொண்டே ஏறும் வேகம் உங்களுக்கு அமையவே அமையாது. அப்போது இன்னும் மென்மையான ஏற்றத்தில் அளந்துகொள்ளுங்கள். சரிவு இரண்டு மடங்கானால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 4 சதவீதத்தில் 12 கி.மீ. வேகம் என்றால் 8 சதவீதத்தில் ஆறரை அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே.

படி 3: வேண்டிய விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

700சி சக்கரத்துக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. மணிக்கு எத்தனை கி.மீ. வேகமோ அதை 8ஆல் பெருக்கி, நீங்கள் விரும்பும் மிதிவேகத்தால் வகுங்கள். வருவதுதான் வேண்டிய கியர் விகிதம். மலையில் 8 கி.மீ. வேகம், மிதிவேகம் 70 என்றால்: 8 × 8 ÷ 70 = 0.91. 6 கி.மீ. வேகம் என்றால் 0.69.

மிதிவேகத்துக்கு எந்த எண்ணைப் போடுவது? 90 சுற்று மிதிக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது சமதளத்தில் வேகமாகப் போகிறவர்களுக்கான எண். ஏற்றத்தில் 65 முதல் 75 வரை பெரும்பாலானோருக்கு நன்றாக இருக்கும். முட்டியில் ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர் 75 என்று போட்டுக்கொள்ளட்டும். மெதுவாக மிதிப்பதுதான் சுகம் என்றால் 60 போதும். 50க்குக் கீழே நீண்ட நேரம் மிதிப்பதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கிடைக்கும் அமைப்புகளின் கடைசிக் கியர், அதாவது மிக லேசான கியர், இப்படி அமையும். 34/28 என்றால் 1.21. 34/32 என்றால் 1.06. 34/34 என்றால் சரியாக 1. 34/36 என்றால் 0.94. 30/34 என்றால் 0.88. 30/36 என்றால் 0.83. 26/36 என்றால் 0.72. மூன்று செயின்ரிங் அமைப்பில் உள்ளே 24 போட்டு, பின்னால் 34 வைத்தால் 0.71.

கணக்கில் வந்த எண்ணுக்கு ஒரு படி கீழேயே வாங்குங்கள். நீங்கள் அளந்த நாளில் உடம்பு புத்துணர்ச்சியோடு இருந்திருக்கும். நாள் முழுக்க ஓட்டிவிட்டு, எதிர்க்காற்றில், கடைசி மலைக்கு வந்து சேரும்போது அந்தத் தெம்பு இருக்காது. கடைசிக் கியர் அந்த நேரத்துக்கானது.

கீழ் எல்லை ஒன்றும் இருக்கிறது. மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே போனால் இரண்டு சக்கரத்தில் நேராக நிற்பதே பாடாகிவிடும். ஆகவே மூட்டை முடிச்சு இல்லாத ரோடு பைக்கில் 0.65க்குக் கீழே போக அநேகமாக அவசியம் வராது. பயணப் பைகளோடு மலைப்பாதையில் போகிறவர்கள் விதிவிலக்கு.

லேசான கியர் என்றால் கௌரவக் குறைவா?

சிலருக்கு மனதில் ஒரு தயக்கம் இருக்கிறது. தட்டு மாதிரிப் பெரிய கேசட்டைப் போட்டால் கூட ஓட்டுகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. இந்தத் தயக்கம் சைக்கிள் உலகத்தில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. பிரான்சின் சாந்த் எத்தியேனில் வாழ்ந்த பால் து விவி, வெலோசியோ என்ற புனைபெயரில், பல கியர் உள்ள சைக்கிளுக்காக வாழ்நாளெல்லாம் எழுதி வாதாடினார். ஆனாலும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) வைத்த சைக்கிளை 1937 வரை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுத்தான் மலை ஏறினார்கள். இன்று ஸ்பெயினின் அங்லிரு, இத்தாலியின் ஸோன்கோலான் போன்ற செங்குத்து மலைகளுக்கு உலகின் மிகச் சிறந்த வீரர்களே சிறிய செயின்ரிங்கும் பெரிய கேசட்டும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கே தேவைப்படுகிறதென்றால், அவர்களின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு உள்ள நமக்கு எவ்வளவு தேவைப்படும்?

படி 4: முதலில் கேசட்டை மாற்றிப் பாருங்கள்

செலவு குறைவு, வேலையும் எளிது. 11-28 கேசட்டை (சின்னது 11 பல், பெரியது 28 பல்) எடுத்துவிட்டு 11-34 போட்டால் கடைசிக் கியர் 18 சதவீதம் லேசாகிவிடும். கியர் மாற்றும் லீவரை மாற்ற வேண்டாம். பல்சக்கரங்களின் எண்ணிக்கை மாறாத வரை அது அப்படியே வேலை செய்யும்.

வாங்கும் முன்னால் பின் டீரெய்லரின் இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அது தாங்கும் அதிகபட்சப் பல்சக்கரம். இரண்டாவது, அதன் மொத்தக் கொள்ளளவு, அதாவது எவ்வளவு தளர்ந்த செயினை அதனால் சுருட்டி இழுத்துப் பிடிக்க முடியும் என்ற எண். தேவைப்படும் கொள்ளளவைக் கணக்கிட, இரண்டு செயின்ரிங்குகளின் வித்தியாசத்தையும் கேசட்டின் பெரியது, சிறியது இரண்டின் வித்தியாசத்தையும் கூட்டுங்கள். 50/34, 11-34 என்றால் 16 + 23 = 39.

ஷிமானோ நிறுவனத்தின் டீரெய்லரில் எஸ்எஸ் என்று போட்டிருந்தால் அது குட்டைக் கூண்டு, ஜிஎஸ் என்றால் நீளமானது. உருளைகளைத் தாங்கி, செயினை இழுத்துப் பிடிக்கும் பகுதிதான் கூண்டு. உதாரணத்துக்கு ஷிமானோ 105 வரிசையின் ஆர்7000 மாதிரியில் எஸ்எஸ் 30 பல் வரைக்கும், ஜிஎஸ் 34 பல் வரைக்கும் போகும். கொள்ளளவு முறையே 35, 39. குட்டைக் கூண்டு இருக்கும் சைக்கிளில் 34 மாட்டினால் மேல் உருளை பல்சக்கரத்தில் உரசும், சின்ன-சின்னக் கியரில் (முன்னாலும் பின்னாலும் சின்னது) செயின் தொங்கும். டீரெய்லரையும் சேர்த்து ஜிஎஸ் ஆக மாற்றிவிடுவதுதான் சரியான வழி. டீரெய்லரைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டுவதற்கு ஒரு சின்ன இணைப்புத் துண்டும் கிடைக்கிறது. அது பெரிய பல்சக்கரத்துக்கு இடம் கொடுக்கும், கொள்ளளவைக் கூட்டாது. பரவாயில்லாமல் வேலை செய்யும். புதியவருக்கு என்னுடைய முதல் சிபாரிசு அது இல்லை.

பத்து வேக, அதாவது பின்னால் பத்துப் பல்சக்கரம் உள்ள, ஷிமானோ ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த லீவர்கள் ஒன்பது வேக மலை சைக்கிள் டீரெய்லரோடு ஒத்துப்போகும். அதனால் 34, 36 எல்லாம் தாராளமாக மாட்டலாம். ஷிமானோவின் டியாகிரா 4700 வரிசை மட்டும் இதில் சேராது. பத்து வேகமாக இருந்தாலும் அதன் கேபிள் இழுப்பு அளவு பதினொரு வேகத்தைச் சேர்ந்தது. பத்து வேக மலை சைக்கிள் டீரெய்லரும் பொருந்தாது. கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால் இதைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வேகக் கேசட்டுக்குப் பொதுவாக 1.85 மி.மீ. நீளமான ஹப் (கேசட் உட்காரும் சக்கர மையம்) வேண்டும். ஷிமானோவின் 11-34 கேசட்டுகளில் எச்ஜி700, எச்ஜி800 இரண்டும் பழைய பத்து வேக ஹப்பிலேயே உட்காரும். புதிய ஹப்பில் மாட்டும்போது கூடவே வரும் 1.85 மி.மீ. வளையத்தை முதலில் போட வேண்டும். அதை மறந்தால், கேசட்டை இறுக்கும் மூடியான லாக்ரிங் இறுகினாலும் கேசட் லொடலொடவென்று ஆடும். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பன்னிரண்டு வேகத்தில் விஷயம் சுலபம். ஷிமானோவில் 11-36 நேரடியாகக் கிடைக்கிறது. எஸ்ராம் நிறுவனத்தில் 10-36 கேசட்டும், 46/33 அல்லது 43/30 செயின்ரிங்கும் சேர்ந்தால் கடைசிக் கியர் 0.92 அல்லது 0.83. புதிதாக சைக்கிள் வாங்கப் போகிறவர் என்றால் ஆரம்பத்திலேயே இப்படிக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்றுவதைவிட மலிவாக முடியும்.

படி 5: போதவில்லை என்றால் முன்பக்கம்

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செயின்ரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்தான் எவ்வளவு சிறிய செயின்ரிங் மாட்டலாம் என்பதை முடிவு செய்கிறது. 130 மி.மீ. வட்டத்தில் 38க்குக் கீழே போக முடியாது. 110 மி.மீ. வட்டத்தில் நடைமுறையில் 34தான் கடைசி. ஆகவே 130 மி.மீ. வட்டமுள்ள 53/39 கிராங்க் வைத்திருப்பவர் 34 செயின்ரிங்கை மட்டும் வாங்கி மாட்ட முடியாது, கிராங்கையே மாற்ற வேண்டும். 50/34 வைத்திருப்பவர் 30க்குப் போக நினைத்தாலும் அதே கதைதான்.

46/30 கிராங்குக்கு மாறுவதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், லேசான கடைசிக் கியர் மட்டும் இல்லை. 50/34 செயின்ரிங்கோடு 11-36 கேசட் போட்டால் கடைசிக் கியர் 0.94. 46/30 செயின்ரிங்கோடு 11-32 கேசட் போட்டாலும் கடைசிக் கியர் அதே 0.94. ஆனால் இரண்டாவதில் பல்சக்கரங்களுக்கு இடையே இடைவெளி குறைவு. பதினொரு வேக 11-32இல் வரிசை 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32. 11-34இலேயே 11க்கு அடுத்து 13, அதற்கு அடுத்து 15 என்று தாவுகிறது. சமதளத்தில் ஒரு கியர் லேசாகவும் அடுத்தது கனமாகவும் தோன்றி, இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தால் தேவலையே என்று மனம் ஏங்குவது இந்தத் தாவலால்தான். சக்தி குறைந்தவருக்கு அந்த இடைவெளி இன்னும் உறுத்தும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மணிக்கு 18 முதல் 27 கி.மீ. வரை போகிறவருக்கு 46 செயின்ரிங் ஒன்றே போதும். 80 சுற்றில் 46/25 கியர் 18.5 கி.மீ. தரும், 46/20 கியர் 23 கி.மீ. தரும். செயின் கேசட்டின் நடுப்பகுதியிலேயே ஓடும், முன்னால் மாற்ற வேண்டிய தேவை குறையும். 50 செயின்ரிங் உள்ளவர் சின்ன மேடு வந்தாலே 34க்கு இறங்கி, மேடு முடிந்ததும் மறுபடி 50க்கு ஏறி, நாள் முழுக்க அந்த லீவரைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

மாற்றும்போது மூன்றைச் சரிபாருங்கள். புதிய கிராங்கின் அச்சு உங்கள் சைக்கிளின் பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்கின் அச்சு சுழலும் இடம்) பொருந்துமா என்பது ஒன்று. முன் டீரெய்லரைக் கீழே இறக்க முடியுமா என்பது அடுத்தது. அதன் கூண்டின் வெளித்தகடு பெரிய செயின்ரிங்கின் பற்களுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஃபிரேமில் பற்றவைத்த தாங்கி இருந்தால் அதன் பள்ளம் அவ்வளவு கீழே இறங்குகிறதா என்று அளந்து பாருங்கள். மூன்றாவது, ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் வரிசைக் கிராங்க் வாங்கினால் அதன் செயின்ரிங்குகள் வழக்கத்தைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். அதற்கு ஜிஆர்எக்ஸ் முன் டீரெய்லரும் சேர்ந்து வேண்டும்.

முன்னால் ஒரே செயின்ரிங் வைத்து, பின்னால் 11-42 மாட்டும் முறையும் இருக்கிறது. 38/42 என்றால் 0.90. எளிமைதான். இரண்டு கையாலும் கியர் மாற்றுவது சிரமமாக உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். மற்றவர்களுக்கு, மேலே சொன்ன தாவல் தொந்தரவு இதில் அதிகம் என்பதால், நான் இரண்டு செயின்ரிங்கையே சொல்வேன்.

"வேகம் போய்விடுமே" என்ற பயம்

46/11 கியரில் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கி.மீ. வேகம் வரும். சமதளத்தில் அந்த வேகத்தை நம்மில் யாரும் தொடப்போவதில்லை. இறக்கத்தில் அதற்கு மேல் போகும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு பிரேக்கில் விரலை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். உங்கள் சைக்கிளில் 11 பல் சக்கரத்தின் முகத்தைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஓட்டிய பிறகும் அது புதுசு மாதிரிப் பளபளவென்று இருந்தால், அந்தப் பக்கம் உங்களுக்கு வேலையே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 6: மாட்டும்போது

கேசட் கழற்ற லாக்ரிங் கருவியும், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள செயின் வைத்த பிடியும் வேண்டும். இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், நேரம் அதிகம் ஆகாது. ஆனால் செயின் நீளத்தை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். இதில் பிழை நேர்ந்தால்தான் சைக்கிளுக்கும் ஆளுக்கும் ஆபத்து.

பெரிய கேசட்டுக்குப் பழைய செயின் பெரும்பாலும் போதாது. பெரிய செயின்ரிங், பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றிச் செயினை டீரெய்லருக்குள் நுழைக்காமல் நேரடியாகப் போடுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குட்டைச் செயினோடு தவறுதலாகப் பெரிய-பெரியக் கியருக்குப் போனால், டீரெய்லர் முன்னோக்கி இழுபட்டு, அதன் தாங்கியோடு முறிந்துவிடும். பெரிய-பெரியக் கியரை ஓட்டும்போது பயன்படுத்த வேண்டாம் என்பது சரிதான். களைத்த நேரத்தில் கை தானாகப் போய்விடும், அப்போதும் ஒன்றும் உடையக்கூடாது. ஸ்டாண்டில் வைத்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பெரிய-பெரியக் கியருக்கு மாற்றிப் பாருங்கள். டீரெய்லரின் கூண்டு முன்னால் சாய்ந்திருந்தாலும் இன்னும் கொஞ்சம் அசைய இடம் இருக்க வேண்டும்.

அடுத்து, டீரெய்லரின் பின்பக்கத்தில் இருக்கும் பி-டென்ஷன் திருகு. சின்ன செயின்ரிங், பெரிய பல்சக்கரம் என்ற கியரில் வைத்து, பின்னால் குனிந்து பாருங்கள். மேல் உருளையின் பற்கள் கேசட்டின் பெரிய பற்களைத் தொட்டுக்கொண்டு கடகடவென்று சத்தம் போட்டால் திருகை உள்ளே முறுக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்து, சத்தம் அடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் மற்ற கியர்கள் மாறுவது மந்தமாகும்.

படி 7: புதிய கியரில் ஓட்டிப் பழகுவது

ஏற்றம் தொடங்கும் முன்னாலேயே, கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே முன்னால் சின்ன செயின்ரிங்குக்கு இறங்கிவிடுங்கள். பாதி மேட்டில் முழு அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டு முன்பக்கம் மாற்றினால் செயின் கழன்று உள்ளே விழ வாய்ப்பு உண்டு. பின்பக்கத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே ஏறலாம். ஆனால் கடைசிக் கியரை முதல் திருப்பத்திலேயே காலி செய்துவிடாமல், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினால் மனதுக்குத் தைரியமாக இருக்கும்.

முதல் சில நாட்கள் கால் வெறுமனே சுழல்வதுபோலவும், முன்பைவிட மூச்சு அதிகம் வாங்குவதுபோலவும் தோன்றும். தசை சுமந்த பாரத்தில் ஒரு பகுதி இப்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகிறது, அதனால்தான். இருக்கையில் உட்கார்ந்தே ஏறுங்கள், தோளைத் தளர்த்துங்கள். சீட்டு ரொம்பத் தாழ்வாக இருந்தால் எவ்வளவு லேசான கியர் போட்டாலும் முட்டி வலிக்கும், அதையும் சரிசெய்துகொள்ளுங்கள். எல்லாம் செய்த பிறகும் முட்டி வலி நீடித்தாலோ, ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ, கியரை நோண்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்றத்தின் நடுவில் நிற்க நேர்ந்தால் மறுபடி கிளம்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. மிக லேசான கியரில் கிளம்பினால் ஒரு மிதிக்கு சைக்கிள் நகரும் தூரம் போதாமல் சமநிலை தடுமாறும். பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி, இரண்டு கியர் கனமாக வைத்துக்கொள்ளுங்கள். வலது பெடல் மணி இரண்டு காட்டும் இடத்தில் இருக்கட்டும், பிரேக்கைப் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் வண்டி வரவில்லை என்று உறுதியானால் சைக்கிளைச் சாலைக்குக் கொஞ்சம் குறுக்காகத் திருப்பி, பிரேக்கை விட்டுக்கொண்டே மிதித்து ஏறி உட்காருங்கள். இரண்டு சுற்று மிதித்து நேராக வந்ததும் லேசான கியருக்கு மாற்றிக்கொள்ளலாம். சாலையில் போக்குவரத்து இருந்தால் இதை முயல வேண்டாம், சரிவு குறையும் இடம் வரை நடந்துபோய் அங்கிருந்து ஏறுங்கள்.